கொல்கத்தாவிலிருந்து திருவண்ணாமலை: எண்பத்தோரு வயது மாஷிமாவின் முதல் விமானப் பயணம்

கொல்கத்தாவிலிருந்து திருவண்ணாமலை எவ்வளவு தூரம், விமானத்தில் போனால் எத்தனை மணி நேரம் என்று இந்த வலைப்பூவுக்கு வருகிறவர்களில் யாராவது ஒருவர் அடிக்கடி கேட்டுவிடுகிறார். நான் திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் பிறந்து வளர்ந்தவள். பதினோரு வருடமாகக் கொல்கத்தாவில் வேலை. அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். வானத்தில் நேர்கோட்டில் கொல்கத்தாவும் சென்னையும் ஏறக்குறைய ஆயிரத்து முந்நூற்று எண்பது கிலோமீட்டர். இடையில் எங்கும் இறங்காத விமானம் இரண்டு மணி இருபது நிமிடத்திலிருந்து இரண்டே முக்கால் மணிக்குள் கொண்டுபோய் இறக்கிவிடும். சென்னை விமான நிலையத்திலிருந்து திண்டிவனம், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாகத் திருவண்ணாமலை நூற்று எண்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். காரில் நாலு மணி நேரம். ரயில் என்றால் ஹவுராவிலிருந்து சென்னைக்கே ஒரு பகலும் ஓர் இரவும் போய்விடும்.

போன டிசம்பருக்குப் பிறகு இந்தப் பதிலை எழுத உட்கார்ந்தால் கை கொஞ்சம் தயங்குகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. வயதானவர்களையோ, முதல்முறை விமானம் ஏறுகிறவர்களையோ அவசரமாக இந்த வழியில் அழைத்துப்போக நேர்கிறவர்களுக்கு உதவும். மாஷிமாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

நாங்கள் குடியிருப்பது லேக் மார்க்கெட் பக்கம் ஒரு பழைய மாடி வீட்டில். கீழ்த்தளத்தில் இருப்பவர் மாலதி என்ற வங்காளி அம்மாள். அம்மாவின் சகோதரியை வங்காளத்தில் மாஷிமா என்பார்கள். வயதில் மூத்த பெண்கள் எல்லோரையும் அப்படியே அழைப்பது அங்கே வழக்கம். அவருக்கு ஒரே மகன், நிகில். இருபத்து நான்கு வயதில் ஒரு மாலை வெளியே போனவர் திரும்பவில்லை. அது நடந்து இருபத்து மூன்று வருடம். நிகிலின் அப்பா ஊர் ஊராகத் தேடி ஓய்ந்து, ஏழு வருடத்துக்கு முன்பு காலமாகிவிட்டார். வீட்டை விற்றுவிட்டு வரச்சொல்லி உறவினர்கள் எவ்வளவோ கேட்டும் மாஷிமா நகரவில்லை. காரணத்தை யாரிடமும் சொன்னதும் இல்லை.

தீபம் முடிந்து, மலை உச்சியிலிருந்து கொப்பரையைக் கீழே இறக்கிய வாரம் அது. காலையில் தெருமுனை இனிப்புக்கடைக்காரர் கையில் போனுடன் எங்கள் மாடிக்கு ஏறி வந்தார். உங்கள் பாஷை மாதிரி இருக்கிறது, பேசிப் பாருங்கள் என்று நீட்டினார்.

"தமிழ் தெரிஞ்சவங்களா? நல்லதாப் போச்சுங்க. நான் திருவண்ணாமலைலேந்து பேசறேன், சரசு. செங்கம் ரோட்டுல டிபன் கடை வச்சினுக்கிறேன். இங்க ஒரு சாமி ரொம்ப முடியாம ஆஸ்பத்திரில இருக்கறாரு. இத்தினி வருஷமா ஊரு பேரு எதுவும் சொல்லாத மனுஷன், நேத்து ஜொரத்துல சொல்றாரு. கல்கத்தா, இன்ன தெரு, மூலைல மிட்டாய்க் கடைன்னு. எங்க கடைக்கு வர்ற ஒரு பெங்காலிப் பொண்ணு போன்ல மேப்பப் பாத்து இந்தக் கடை நம்பர எடுத்துக் குடுத்துச்சு."

"அவர் பேர் என்னங்க?"

"நாங்க சாமின்னுதான் கூப்புடுவோம். நிகில்னு சொன்னாரு. அவங்க அம்மா இருக்காங்களான்னு கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

நான் கீழே இறங்கிப் போனபோது மாஷிமா பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை.

"உயிரோட இருக்கானா?"

"இருக்கார். ஆஸ்பத்திரியில."

கையிலிருந்த காயை உரித்து முடித்தார். தோலையெல்லாம் ஒரு காகிதத்தில் மடித்து ஓரமாக வைத்தார். பிறகு, "எப்போ கிளம்பணும்?" என்றார். அந்தக் காலை முழுக்க அவர் கேட்டது இந்த இரண்டு கேள்விகள்தான்.

மகனை இங்கே அழைத்து வந்துவிட முடியுமா என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. சரசு அக்கா மூலமாக மருத்துவரிடம் பேசினேன். நுரையீரல் இரண்டும் வெகுவாகக் கெட்டிருந்தன. ஆக்சிஜன் இல்லாமல் ஒரு மணி நேரம் தாங்காது என்றார்.

"பறக்கும்போது விமானத்துக்குள்ள இருக்கற காத்து, ஊட்டி உயரத்துல இருக்கற மாதிரி மெல்லிசா இருக்கும்மா. நமக்குத் தெரியாது, இவருக்குத் தாங்காது. கீழ இருக்கறப்பவே மாஸ்க் போட்டுத்தான் ஓடுது. நீங்க இங்க வாங்க. ஜாஸ்தி நாள் தள்ளாதீங்க."

இதைப் படிக்கிறவர்களில் நோயாளியை விமானத்தில் அழைத்துப்போக நினைப்பவர்கள் இதைக் கவனியுங்கள். மருத்துவரின் தகுதிச் சான்று கட்டாயம். சொந்த ஆக்சிஜன் சிலிண்டரை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே, குறைந்தது இரண்டு மூன்று நாளுக்கு முன்பே கேட்டு ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லா நிறுவனமும் செய்வதும் இல்லை.

அன்று மதியம் மாஷிமாவின் அண்ணன் மகன் போன் செய்தார். இந்த வயதில் எதற்கு அலைச்சல், வீடியோவில் பார்த்துக்கொள்ளலாமே என்றார். மாஷிமா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அதுல தொட முடியாதே" என்று சொல்லி போனை என்னிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை ஏழு நாற்பது விமானத்தில் இரண்டு டிக்கெட் எடுத்தேன். முந்தின நாள் எடுத்ததால் ஆளுக்கு எட்டாயிரத்துத் தொள்ளாயிரம். மூன்று வாரம் முன்னால் எடுத்தால் ஐந்தாயிரத்துக்குள் கிடைக்கும். சக்கர நாற்காலி வேண்டும் என்பதை டிக்கெட் எடுக்கும்போதே குறிப்பிட்டுவிடுங்கள். கட்டணம் இல்லை. நுழைவாயிலிலிருந்து விமானத்தின் கதவு வரை ஓர் ஆள் கூடவே வருவார், நீண்ட வரிசைகளில் நிற்க வேண்டியதில்லை. அடையாளத்துக்கு வாக்காளர் அட்டை போதும்.

விடிவதற்கு முன்பே விமான நிலையத்துக்குப் போய்விட்டோம். வெளியே மூடுபனி. டிசம்பர், ஜனவரியில் கொல்கத்தாவில் காலை விமானங்களை நம்பக்கூடாது என்று நானே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறேன். அவசரத்தில் அதே தவற்றைச் செய்தேன். எட்டு மணிக்கு ஓர் அறிவிப்பு, ஒன்பதுக்கு இன்னொன்று. கண்ணாடிக்கு அப்பால் நின்ற விமானமே தெரியவில்லை. மாஷிமா நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். டீ வாங்கிக் கொடுத்தேன், ஆறிப்போயிற்று.

நான் சற்றுத் தள்ளிப் போய்ச் சரசு அக்காவுக்குப் போன் செய்தேன்.

"காலைல ரெண்டு வாய் கஞ்சி குடிச்சாருங்க. அம்மா வர்றாங்கன்னு நான் இன்னும் சொல்லல. சொன்னா அந்த ஒடம்போட எழுந்து ஓடிடுவாரு. நீங்க வந்துடுங்க மொதல்ல."

பத்து ஐந்துக்கு விமானம் கிளம்பியது. மாஷிமாவுக்கு ஜன்னலோர இருக்கை. மேலே ஏறும்போது காது அடைத்துக்கொண்டு முகம் சுளித்தார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கச் சொன்னேன், சரியாயிற்று. பனிக்கு மேலே வந்ததும் வெயில் அடித்தது. சிறிது நேரத்தில் கீழே கரை தெரிந்தது. ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் பழுப்பு நிலம், நடுவில் வெள்ளையாக ஒரு கோடு.

"இது எந்த ஊர்?"

"ஒடிசாவா இருக்கும் மாஷிமா. நம்ம வழி கரையை ஒட்டித்தான்."

"இந்த வழியாத்தான் அவனும் போயிருப்பானா?"

தெரியவில்லை என்றேன். அதற்குப் பிறகு அவர் ஜன்னலைவிட்டுத் திரும்பவே இல்லை.

பன்னிரண்டரைக்குச் சக்கரம் சென்னையில் தரையைத் தொட்டது. எல்லோரும் எழுந்து மேலே பையை எடுக்க ஆரம்பித்தார்கள். மாஷிமா பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் என்னைப் பார்த்தார்.

"வந்தாச்சா?"

"வந்தாச்சு."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் மாஷிமா."

சக்கர நாற்காலி வரும்வரை எனக்கு அவர் முகத்தைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது.

திருவண்ணாமலைக்குப் பேருந்தில் போவதென்றால் விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் நிலையத்துக்குப் போய் ஏற வேண்டும். நாலரை மணி நேரமாவது ஆகும். கூட வருவது எண்பது வயதுக்காரர் என்றால் அது வேண்டாம். நான் முன்பே கார் சொல்லியிருந்தேன். சுங்கக் கட்டணம் உட்பட நாலாயிரத்து ஐந்நூறு. ஓட்டுநர் ஏழுமலை, கீழ்பென்னாத்தூர்க்காரர்.

"ஆறு மணிக்குள்ள ஆஸ்பத்திரில இருக்கணுங்க. அதுக்கு மேல உள்ள விடமாட்டாங்க" என்றேன்.

"பூடலாங்க. திண்டிவனம் வரைக்குந்தான் வண்டி ஜாஸ்தி. செஞ்சி ரோட்டுல திரும்பிட்டா கம்மிதான். அம்மாவுக்கு ஏசி ஒத்துக்குமா? கம்மி பண்ணட்டுங்களா?"

திண்டிவனத்துக்கு முன்பு நெடுஞ்சாலை உணவகம் ஒன்றில் நிறுத்தினோம். கழிப்பறைக்கு அதற்கு முன்பும் பின்பும் சுத்தமான இடம் கிடைப்பது அரிது. தேவை இருக்கிறதோ இல்லையோ, பெரியவர்களை அங்கே இறக்கிவிடுங்கள். மாஷிமா தயிர்சாதத்தில் நாலு கவளம் சாப்பிட்டார். அங்கிருந்து செஞ்சியின் பாறைக் குன்றுகள், பிறகு இரண்டு பக்கமும் நெல்லும் வேர்க்கடலையும். கீழ்பென்னாத்தூர் கடைத்தெருவில் வேன்களுக்கு நடுவே கொஞ்சம் ஊர்ந்தோம். அதைத் தாண்டியதும் எதிரே மலை வந்துவிட்டது. ஏழுமலை ஸ்டியரிங்கிலிருந்து ஒரு கையை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டார். நானும் பழக்கத்தில் கும்பிட்டேன்.

மாஷிமா கும்பிடவில்லை. கண்ணாடி வழியாக வெகுநேரம் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இதுவா?" என்றார்.

"இதுதான்."

இத்தனை வருடம் தன் மகனை வைத்துக்கொண்ட மலையை அவர் வேறு எப்படிப் பார்ப்பார் என்று எனக்குத் தெரியவில்லை. நான் கையை இறக்கிக்கொண்டேன்.

ஐந்தேகாலுக்கு மருத்துவமனை வாசலில் இறங்கினோம். சரசு அக்கா கையில் தூக்குப் பாத்திரத்துடன் நின்றிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மெலிந்த உடம்பு. "வாங்கம்மா" என்று சொல்லி மாஷிமாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருக்கும் பேச ஒரு பொது மொழி இல்லை. கையை விடாமலே வார்டுக்கு நடந்தார்கள்.

ஜன்னலோரக் கட்டிலில் அவர் இருந்தார். நாற்பத்தேழு வயது என்று சொன்னால் நம்ப முடியாது. தாடி முழுக்க நரைத்திருந்தது. காவி வேட்டிக்கு மேலே மருத்துவமனைப் போர்வை. மூச்சு இழுக்கும்போதெல்லாம் கழுத்து எலும்பு குழிந்தது. மாஷிமா கட்டிலின் கால்மாட்டில் நின்றுவிட்டார். நிகில் பார்த்தார். அடையாளம் தெரிந்தது என்பது கண்ணிலேயே தெரிந்தது. மாஸ்க்கை ஒரு கையால் விலக்கினார். ஆனால் அம்மாவிடம் பேசவில்லை. என்னைப் பார்த்து, எங்கள் ஊர்க்காரர் ஒருவர் பேசுகிற அதே தமிழில் சொன்னார்.

"இவங்கள எதுக்குங்க கூட்டினு வந்தீங்க? இந்தக் கோலத்துல பாக்கக் கூடாது. கூட்டினு போயிடுங்க. வேற யாரோ, ஆள் மாறிப்போச்சுன்னு சொல்லிடுங்க."

மாஷிமா என் பக்கம் திரும்பினார். "என்ன சொல்றான்?"

பொய் சொல்வது மிகவும் சுலபமாக இருந்தது. சாப்பிட்டீர்களா என்று கேட்கிறார் என்று சொன்னால் போதும். மாஷிமாவுக்கும் பிடித்திருக்கும், நானும் தப்பித்துவிடுவேன். சரசு அக்காவும் அப்படிச் சொல்லச் சொல்வது போலத்தான் என்னைப் பார்த்தார். ஆனால் இருபத்து மூன்று வருடம் கழித்து மகன் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. அதை மாற்ற எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது. சொன்னபடியே வங்காளத்தில் சொன்னேன்.

மாஷிமா பக்கத்திலிருந்த முக்காலியைத் தானே இழுத்துக் கட்டிலோரம் போட்டு உட்கார்ந்தார். மகனின் கையிலிருந்த மாஸ்க்கை வாங்கி மறுபடியும் மூக்கில் பொருத்தினார்.

"இதைக் கழட்டாதே" என்றார். பிறகு சொன்னார், "நான் உன்னைக் கூட்டிப் போக வரலை. பாக்க வந்தேன். பாத்துக்கிட்டிருக்கேன்."

நிகிலின் கண்ணோரம் நனைந்து காதுப்பக்கம் வழிந்தது. மாஷிமா முந்தானையால் துடைத்துவிட்டார். அதற்குப் பிறகு நிகில் வங்காளத்தில் பேசினார். சொற்கள் உடனே வரவில்லை. ஒவ்வொன்றாகத் தேடித் தேடி எடுப்பது போல இருந்தது.

"எப்படி வந்தே?"

"பிளேன்ல."

"எவ்வளவு நேரம்?"

மாஷிமா என்னைப் பார்த்தார். இரண்டு மணி இருபத்தைந்து நிமிடம் என்றேன்.

நிகில் கண்ணை மூடிக்கொண்டார். "எனக்கு ஒண்ணரை வருஷம் ஆச்சு" என்றார். நடந்தும், டிக்கெட் இல்லாமல் ரயிலேறி இறக்கிவிடப்பட்டும், கோயில் வாசல்களில் தங்கியும் வந்து சேர்ந்திருக்கிறார்.

பிறகு அப்பாவைப் பற்றிக் கேட்டார். மாஷிமா மெதுவாகத் தலையை ஆட்டினார். "ஏழு வருஷம்" என்றார். நிகில் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஆறு மணிக்கு நர்ஸ் வந்து பார்த்தார். எங்களை வெளியே போகச் சொல்லிவிட்டு, மாஷிமாவை மட்டும் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார விட்டார்.

அன்று வேங்கிக்காலில் பூட்டிக்கிடந்த எங்கள் வீட்டைத் திறந்து தங்கினோம். சரசு அக்கா இட்லி கட்டிக்கொண்டு வந்தார். அவர் போவதற்கு முன்பு மாஷிமா என்னிடம் கேட்டார். "இவள் அவனுக்கு என்ன வேணும்னு கேளு."

கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டேன். சரசு அக்கா தவறாக எடுத்துக்கொள்ளவில்லை.

"ஒண்ணும் இல்லங்க. கடை வச்ச புதுசுல எங்க வூட்டுக்காரரு தவறிட்டாரு. தனியா என்னா பண்றதுன்னு ஒக்காந்துனு இருந்தேன். மறுநாளு காலைல சாமி வந்து, கேக்காமலே அஞ்சாறு கொடம் தண்ணி எடுத்து ஊத்திட்டுப் போனாரு. அதிலேந்து தெனம் வருவாரு. கூலி குடுத்தா வாங்கமாட்டாரு. நாலு இட்லி வச்சா சாப்புடுவாரு. அவ்ளோதாங்க."

மொழிபெயர்த்துச் சொன்னேன். மாஷிமா, "வீட்டில் ஒரு டம்ளர் தண்ணிகூட அவன் எடுத்ததில்லை" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஏதோ புதிதாகத் தெரிந்துகொண்ட மாதிரி சொன்னார்.

அடுத்த நாட்களில் நிகிலுக்குக் காய்ச்சல் இறங்கியது. நுரையீரல் சரியாகப்போவதில்லை என்றும், ஆக்சிஜன் இயந்திரத்தை வைத்துக்கொண்டு வீட்டில் இருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார். எவ்வளவு காலம் என்று நான் கேட்டதற்கு, இருக்கிற வரை என்றார். எந்த வீடு என்பதுதான் கேள்வி. வேங்கிக்கால் வீட்டை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். மலை தெரிகிற பக்கமாக இருக்க வேண்டும் என்று நிகில் கேட்டார். ஆசிரமம் பக்கம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை வெளிநாட்டுக்காரர்களின் காலம். ஒரு சின்ன அறைக்குக்கூட மாதம் பதினைந்தாயிரம் கேட்டார்கள், அதுவும் மாடியில். கடைசியில் சரசு அக்காவே தன் வீட்டுக்குப் பின்னால் மாவரைக்க வைத்திருந்த அறையை ஒழித்துக் கொடுத்தார். ஆக்சிஜன் இயந்திரம் மாத வாடகை ஐயாயிரம். கரண்ட் போனால் ஓட ஓர் இன்வெர்ட்டர் அவசியம். இது ஒருவருக்காவது பயன்படும் என்று எழுதுகிறேன்.

எங்கள் திரும்பும் டிக்கெட் ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தது. சனிக்கிழமை மாலை மாஷிமா என்னைக் கூப்பிட்டார்.

"நீ போ. உனக்கு வேலை இருக்கு, பிள்ளை இருக்கு. நான் இருக்கேன்."

"பாஷை தெரியாதே மாஷிமா. மருந்துக்கடைக்குப் போகணும்னாகூட..."

"இவன் வந்தப்போ இவனுக்குத் தெரிஞ்சதா?"

நான் தனியாகத் திரும்பினேன். அவருடைய டிக்கெட்டை ரத்து செய்ததில் பாதிக்கும் குறைவாகத்தான் திரும்ப வந்தது. போகிற காரியத்தின் முடிவு தெரியாதபோது திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள்.

அவர்கள் மூன்று பேரும் எப்படி நாளை ஓட்டினார்கள் என்பது எனக்குப் போனில் தெரிந்த அளவுதான். காலையில் சரசு அக்கா கடைக்குப் போனதும் மாஷிமா சாதத்தைக் குழைய வடித்து மகனுக்கு ஊட்டுவாராம். வெயில் ஏறியதும் வாசலில் நாற்காலி போட்டு இரண்டு பேரும் மலையைப் பார்த்து உட்கார்ந்திருப்பார்களாம். தெருவில் போகிற சாமியார்கள் நின்று விசாரிப்பார்களாம். நிகில் அதிகம் பேசுவதில்லை என்றும் தான் எதுவும் கேட்பதில்லை என்றும் மாஷிமா சொல்வார். பொங்கலுக்கு அவர்கள் அனுப்பிய படத்தில் நிகில் புதுத் துண்டு போட்டிருந்தார். முகத்தில் கொஞ்சம் சதை வந்திருந்தது.

மாசி மாதம் ஒரு விடியற்காலை மாஷிமாவே போன் செய்தார். "நிகில் போயிட்டான். தூக்கத்தில்" என்றார்.

அடுத்து இருந்த விமானத்தைப் பிடித்தேன். அன்று பனி இல்லை, சரியான நேரத்துக்குக் கிளம்பியது. மாலைக்குள் திருவண்ணாமலை. நான் போனபோது வாசலில் சாமியார்கள் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவரைக் குளிப்பாட்டி விபூதி பூசி உட்காரவைத்திருந்தார்கள். சரசு அக்கா என்னைத் தனியாக அழைத்துப்போனார்.

"சாமியாருங்கள இங்க எரிக்கமாட்டாங்க. ஒக்கார வச்சு அடக்கந்தான் பண்ணுவாங்க. அம்மா ஒத்துப்பாங்களான்னு தெரியல. நீங்கதான் கேக்கணும். அவங்க வேணான்னா வேணாங்க."

மாஷிமாவின் குடும்பத்தில் எரிக்காமல் விட்டதே கிடையாது. கணவருக்குக் கொள்ளி வைக்க மகன் இல்லாமல், அண்ணன் மகன் வைத்தார். அதையெல்லாம் நினைத்துக்கொண்டேதான் கேட்டேன். அவர் மகனின் காலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இத்தனை வருஷம் இவங்கதான் பாத்துக்கிட்டாங்க" என்றார். "இவங்க வழக்கப்படியே செய்யட்டும்."

என்னுடன் திரும்பி வர மறுத்துவிட்டார். பதினாறாம் நாள் முடித்துவிட்டு வருகிறேன் என்றார். தனியாகவா என்று கேட்டேன். நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறார்கள், அதில் என்ன தனி என்றார். சொன்னபடியே வந்தார். வயதானவர்கள் துணையில்லாமல் பறக்கலாம். அழைத்துவர ஆள் இருப்பதாகப் பெயரும் போன் எண்ணும் கொடுத்துவிட்டால், வருகை வாசலில் நம் கையில் ஒப்படைத்துவிட்டுத்தான் போவார்கள். ஏழுமலை காரில் சரசு அக்காவே கடையை மூடிவிட்டு விமான நிலையம் வரை வந்து வழியனுப்பினார். வண்டி ஓட்டிய ஏழுமலை டீசலுக்கு மேல் வாங்கவில்லை என்று பிறகு தெரிந்தது.

பயணத் தகவலாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். பறக்கும் நேரம் இரண்டரை மணி என்றாலும், கொல்கத்தா வீட்டிலிருந்து திருவண்ணாமலை போய்ச் சேர முழுப் பகல் வேண்டும். பனிக்காலத்தில் மதிய விமானம் எடுங்கள், கிரிவல நாளையொட்டி என்றால் சாலையில் இன்னும் இரண்டு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி, யாரையாவது போய்ப் பார்க்க வேண்டும் என்று மனதில் இருந்தால் தூரத்தை விசாரித்துக்கொண்டிருக்காதீர்கள். கிளம்பிவிடுங்கள். இதை எழுதுகிறேனே தவிர, அறிவுரை சொல்லும் இடத்தில் நான் இல்லை. நான் கூடப் போனவள்தான்.

கொல்கத்தா விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு டாக்சியில் வரும்போது, ஏன் போனான் என்று நான் கேட்காமலே மாஷிமா சொன்னார்.

"காரணம் ஒண்ணும் இல்லையாம். அன்னிக்கு மனசு சரியில்லைன்னு ஹவுராவில ஒரு ரயில்ல ஏறினானாம். முதல் நாள் திரும்பியிருந்தா ரெண்டு மணி நேரத்தில வீடு. பயந்துக்கிட்டு ஒரு நாள் தள்ளினானாம். அப்புறம் ஒவ்வொரு நாளும் வீடு கொஞ்சம் கொஞ்சமா தள்ளிப் போயிட்டே இருந்ததுன்னான்." சற்று நேரம் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். "நான் அங்கேயேதான் இருந்தேன்னு சொன்னேன்."

அவருடைய போன் அடித்தது. சரசு அக்கா. எப்போதும் போல நான் வாங்கிப் பேசக் கையை நீட்டினேன். மாஷிமா கொடுக்கவில்லை. தானே காதில் வைத்துக்கொண்டார்.

"ஆங், வந்துட்டேன்" என்றார், தமிழில். அந்தப் பக்கம் ஏதோ பேசினார்கள். "இல்ல இல்ல, நல்லாதான் வந்தேன். நீ சாப்ட்டியா?"

மறுபடியும் அந்தப் பக்கம் குரல் கேட்டது, பிறகு நின்றது. மாஷிமா போனை இன்னும் நெருக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"அழுவாத" என்றார். "எழுந்து போயி, கடையத் தொற."